மஃபாத் மலைக்குள் மர்லா சிற்றூர்: எந்த வழியாகப் போவது, சுற்றி எவற்றைப் பார்ப்பது?

சேன்-தெனி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காரைக்காலிலிருந்து என் சித்தப்பாவும் சித்தியும் ஜூலை மாதக் கடைசியில் ரீயூனியன் தீவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எரிமலையையும் சேன்-ஆந்திரே கோயில்களையும் பார்த்து முடித்த பிறகு, மலைக்குள் ஒரு சிற்றூரில் தங்க வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. சாலையே இல்லாத ஊர்கள் இந்தத் தீவில் இருக்கின்றன, அங்குள்ள மக்கள் இன்றும் நடந்தேதான் போய் வருகிறார்கள் என்று நான் தொலைபேசியில் சொன்னதிலிருந்து அவர் வேறு எதைப் பற்றியும் கேட்பதில்லை. மஃபாத் பள்ளத்தாக்கில் உள்ள ஊர்களுள் மர்லாதான் எல்லாவற்றிலும் உயரத்தில் இருப்பது என்று அறிந்து, அங்கேயே போகலாம் என்று எண்ணியிருக்கிறோம்.

மைதோ முனையிலிருந்து மஃபாத்தை நாங்கள் பலமுறை எட்டிப் பார்த்திருக்கிறோமே தவிர, உள்ளே இறங்கியதில்லை. சித்தப்பாவுக்கு 60 வயது கடந்துவிட்டது. நாள்தோறும் காலையில் நடப்பவர், மூச்சு வாங்குவதில்லை, ஆனால் படி இறங்கும்போது மட்டும் வலது முழங்கால் வலிக்கிறது என்கிறார். சித்தி புலால் உண்ணமாட்டார். கல்லூரியில் படிக்கும் என் மகனும் மகளும் உடன் வருவார்கள். அவர்களைப் பற்றிக் கவலையில்லை.

காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா, அல்லது தங்குவதே நல்லதா? மஃபாத்தை அடுத்துள்ள பள்ளத்தாக்குகளில் சலாசி பக்கமாகப் போவதா, சிலாவோஸ் பக்கமாகப் போவதா? மர்லாவைச் சுற்றிப் பெரியவர்களும் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள் எவை? உள்ளே போய் வந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேற்குக்கரை நடையர் எழுதியது:

வணக்கம் அம்மா. ஒரே நாளில் போய்த் திரும்புவது உடம்பால் முடியாத காரியமில்லை என்றாலும், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நெடுந்தூர நடைப்பாதைகள் வழியாக மர்லாவுக்கு வருகிறவர்களில் பலர் நண்பகலில் அங்கே உட்கார்ந்து, ரொட்டியைத் தின்று, புட்டியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நண்பகல்தான் அந்த ஊரைப் பார்ப்பதற்கு மிகவும் மோசமான நேரம். குளிர்காலத்திலும் முற்பகல் 10, 11 மணிக்கெல்லாம் கீழிருந்து மேகம் ஏறி மலைகளை மூடத் தொடங்கிவிடுகிறது. கிழக்கே குரோ மோர்ன், மேற்கே கிரான் பெனார், தெற்கே தாயிபித் கணவாய் என்று ஊரைச் சூழ்ந்து நிற்கும் சுவர்களை முழுமையாகக் காண வேண்டுமானால், விடியும்போது நீங்கள் ஏற்கெனவே மர்லாவில் இருக்க வேண்டும். ஆகையால் இரண்டு இரவு தங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

வழியைப் பொறுத்தவரை, முழங்கால் வலிக்கிறவருக்குச் சலாசி பக்கம்தான் சரி. சேன்-ஆந்திரேயிலிருந்து சலாசி ஏறி, கிரான்-டிலே ஊரைத் தாண்டி மேலே போனால், கொல் தே பெஃப் கணவாயின் அடிவாரத்தில் காவலுடன் கூடிய கட்டண நிறுத்துமிடம் இருக்கிறது. வண்டியை வழியில் காவலில்லாத இடத்தில் விட்டு இரண்டு இரவு போகாதீர்கள். கண்ணாடி உடைந்து கிடந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து சுமார் அரை மணி நேரம் ஏறினால் 1,956 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயை அடையலாம். மஃபாத் அங்கேதான் முதல்முறையாகக் காலடியில் திறக்கிறது. மர்லா ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதால், மொத்தத்தில் இறக்கம் அதிகமில்லை. இடையிடையே உள்ள சிற்றேற்றங்களையும் ஓடைகளையும் சேர்த்தால், பெரியவர்களின் வேகத்தில் மூன்று மணி நேரமோ சற்றுக் கூடுதலோ ஆகும்.

கணவாயிலிருந்து இறங்கியதும் பிளேன் தே தமரேன் என்னும் சமவெளி வரும். தமரேன் என்றால் புளி என்பதால் நம் ஊர்ப் புளியமரம் என்று எண்ணிக்கொண்டு சித்தப்பா தேட வேண்டாம். இது இந்தத் தீவுக்கே உரிய, வேலமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மலைமரம். புயல்காற்றில் சாய்ந்த அடிமரம் தரையோடு கிடந்து, அந்தக் கிடையிலிருந்தே மீண்டும் மேல்நோக்கிக் கிளைத்து நிற்பதைப் பல இடங்களில் காணலாம். பட்டையெங்கும் பாசி தாடியாகத் தொங்கும். அங்கே சில சமயம் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். தரை எப்போதும் ஈரமாக இருப்பதால் பாதையில் உருளைக் கட்டைகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். மழை பெய்யாத நாளிலும் காலைப் பனியில் அந்தக் கட்டைகள் வழுக்கும். சித்தப்பா கட்டையின் நடுவில் கால் வைக்காமல், இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட மண்ணில் கால் வைத்து நடந்தால் முழங்காலுக்குச் சிரமமிருக்காது. தேக்-தேக் என்று உள்ளூரார் அழைக்கும் சிறு பறவை ஒன்று, கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அளவுதான் இருக்கும், உங்களுக்கு முன்னால் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே வரும். அது ரீயூனியனைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை.

மர்லாவைச் சுற்றிப் பார்க்க வேண்டியவற்றுள் முதலிடம் துருவா ரோஷுக்குத்தான். ஊரிலிருந்து ரோஷ் பிளாத் செல்லும் பாதையில் ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம் நடந்தால் போதும். ரிவியேர் தே கலே ஆறு அங்கே அகன்ற சாம்பல்நிறப் பாறைத்தளத்தின்மேல் கணுக்கால் ஆழத்தில் பரவி வந்து, திடீரென ஒரு குறுகிய பிளவுக்குள் விழுந்து காணாமற் போகிறது. பிளவின் விளிம்பு ஈரத்தில் மெழுகியது போல் இருக்கும், தடுப்பு எதுவும் கிடையாது. பிள்ளைகளை அங்கே எட்டிப் பார்க்க விடாதீர்கள். அதற்கு மேலே, ஆறு பாறையைக் குடைந்து வைத்திருக்கும் சிறு தொட்டிகளில் வெயில் நேரத்தில் உட்கார்ந்து குளிக்கலாம். குனிந்து பாறையைப் பாருங்கள். கரும்பாறையின் நுண்துளைகளில் வெள்ளை வெள்ளையாகப் படிகங்கள் அடைந்திருக்கும். பித்தோன் தே நேஜ் எரிமலை உயிரோடிருந்த காலத்தில் சூடான நீர் பாறையின் குமிழ்களுக்குள் புகுந்து விட்டுச்சென்ற கனிமம் அது. அந்த எரிமலை ஓய்ந்து ஏறத்தாழ 12,000 ஆண்டுகள் ஆகின்றன என்கிறார்கள். 3,071 மீட்டர் உயரமுள்ள அதன் உடம்பு சரிந்தும் அரிக்கப்பட்டும் உண்டானவைதான் மஃபாத், சலாசி, சிலாவோஸ் என்ற மூன்று பள்ளங்களும்.

திரும்பும்போது வந்த வழியே வராமல், லா நூவெல் வழியாக வாருங்கள். மர்லாவிலிருந்து லா நூவெல் இரண்டு மணி நேர நடை. அது மஃபாத்தின் பெரிய ஊர், கடைகளும் பள்ளிக்கூடமும் உள்ள இடம். அங்கே பகலுணவு உண்டு சற்றே இளைப்பாறிவிட்டுக் கொல் தே பெஃப் ஏறினால், அந்தப் பகுதி முழுவதும் ஏற்றம் என்பதால் முழங்காலுக்கு வேலையிருக்காது.

சிலாவோஸ் ஆசிரியை எழுதியது:

வணக்கம் அக்கா. மேலே ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வழியைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. சிலாவோஸிலிருந்து இலே-ஆ-கோர்த் செல்லும் சாலையில், சுமார் 1,260 மீட்டர் உயரத்தில் தாயிபித் பாதை தொடங்குகிறது. கணவாய் 2,081 மீட்டர். அதாவது 800 மீட்டருக்கு மேல் ஏற்றம், அதன்பின் மர்லாவுக்கு 450 மீட்டர் அளவுக்கு இறக்கம். மூச்சு நன்றாக இருந்து முழங்கால் மட்டும் வலிக்கிறவருக்கு ஏற்றம் ஒரு பொருட்டில்லை, இறக்கம்தான் எதிரி. ஆகவே தாயிபித் வழியாக உள்ளே போய், கொல் தே பெஃப் வழியாக வெளியே வந்தால் இரண்டு பக்கத்தையும் பார்த்ததாகும். தாயிபித் ஏறும் வழியில், மூன்று சலாஸ் பாறைகளுக்குக் கீழே, மூலிகைத் தேநீர் விற்கும் ஒரு சிறு குடில் உண்டு. ஏறுகிறவர்களுக்கு ஒரு கஷாயம், இறங்குகிறவர்களுக்கு வேறொரு கஷாயம் என்று தனித்தனியே காய்ச்சித் தருவார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து சிலாவோஸ் பள்ளத்தைப் பார்ப்பதற்காகவே அந்த ஏற்றத்தை ஏறலாம்.

இந்த வழியில் உள்ள ஒரே சிக்கல் வண்டிதான். சிலாவோஸையும் சலாசியையும் இணைக்கும் மலைச்சாலை கிடையாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் கடற்கரைக்கு இறங்கி, தீவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் ஏற வேண்டும். சிலாவோஸ் சாலையில் மட்டுமே 400 வளைவுகள் என்பார்கள். எனவே சேன்-லூயியிலிருந்து பேருந்தில் சிலாவோஸ் வந்து ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் நடக்கத் தொடங்கி, கடைசி நாளன்று சலாசிப் பக்கத்தில் உறவினர் யாராவது வந்து அழைத்துச் செல்லும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். அப்படி வர ஆள் இல்லையென்றால், ஐயா சொன்ன வழியே உங்களுக்கு எளிது. மர்லாவிலிருந்து தாயிபித் வழியாக வெளியேறுவதை மட்டும் சித்தப்பாவுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்தப் பக்க இறக்கம் முழுவதும் உயரமான கற்படிகள்.

சித்தியின் உணவைப் பற்றிச் சொல்கிறேன். மர்லாவில் தங்குமிடங்களை எல்லாரும் ஜீத் என்பார்கள். ஓர் அறையில் நான்கைந்து பேர், சில இடங்களில் கூடுதலாகவும், அடுக்குக் கட்டில்களில் படுப்பார்கள். இருவருக்கான தனியறைகள் சில ஜீத்துகளில் மட்டும் உண்டு, அவை மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். இரவுணவை எல்லாரும் ஒரே நீண்ட மேசையில் உட்கார்ந்து உண்கிறார்கள். பெரும்பாலும் கோழிக் கறியோ தொத்திறைச்சியைத் தக்காளியோடு சமைக்கும் ருகாயோ, உடன் சோறும் அவரை அல்லது பயறும் கீரையும் காரத் துவையலும் இருக்கும். முன்பதிவு செய்யும்போதே, இறைச்சியும் மீனும் சேர்க்காத உணவு ஒருவருக்கு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அன்று மாலை போய்ச் சொன்னால், அங்கே உடனே ஓடிப்போய் வாங்கிவரக் கடைத்தெரு இல்லை. பயறு வைத்திருந்தால் சித்தி நிறைவாக உண்பார். சிலாவோஸ் பயறு சிறியது, தோல் மெல்லியது, குழையாமல் வேகும். இலே-ஆ-கோர்த் வயல்களில் விளைவதை இந்தத் தீவில் எல்லாரும் தேடி வாங்குகிறார்கள். நான் சித்திக்காக ஊறுகாய்ப் புட்டி ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள். மஃபாத்தில் பணம் எடுக்கும் இயந்திரம் கிடையாது, எல்லா இடத்திலும் அட்டை வாங்கமாட்டார்கள். விலையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அங்கே உள்ள எரிவாயு உருளையும் அரிசி மூட்டையும் சிமெண்டும் ஹெலிகாப்டரில்தான் வந்திறங்குகின்றன.

சேன்-தெனி வாசகி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சலாசிப் பக்கத்தில் எங்களை அழைத்துச் செல்ல யாரும் இல்லாததால், இரண்டு பக்கமும் கொல் தே பெஃப் வழியையே வைத்துக்கொள்கிறோம். இன்னொரு கேள்வி. சித்தப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எந்த ஊருக்குப் போனாலும், இங்கே முதலில் குடியேறியவர் யார், அவர்கள் எதைத் தின்று வாழ்ந்தார்கள், நம்மவர்கள் இங்கே வந்தார்களா என்று கேட்பார். மர்லாவைப் பற்றியும் மஃபாத்தைப் பற்றியும் நான் அவருக்கு என்ன சொல்வது?

சேன்-போல் முதியவர் எழுதியது:

மகளே, உன் சித்தப்பாவிடம் முதலில் சொல்ல வேண்டியது, மஃபாத்தில் முதலில் வாழ்ந்தவர்கள் தப்பியோடி வந்த அடிமைகள் என்பதை. 18 ஆம் நூற்றாண்டில் கடலோரக் காப்பித் தோட்டங்களிலிருந்து தப்பிய மடகாஸ்கர் மக்களும் ஆப்பிரிக்க மக்களும், குதிரை ஏற முடியாத இந்தச் சுவர்களுக்குள் புகுந்து ஒளிந்து வாழ்ந்தார்கள். பள்ளத்தாக்கின் பெயரே அவர்களின் தலைவர்களுள் ஒருவருடையது. லா நூவெலிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் சிமாந்தேஃப் சிகரமும், சலாசியின் நடுவே நிற்கும் ஆன்ஷேன் சிகரமும் அப்படிப்பட்ட தலைவர்களின் பெயர்களைத் தாங்கியவை. அவர்களை வேட்டையாடுவதற்கென்றே குடியேறிகள் படைகளை அனுப்பினார்கள். அவற்றுக்குத் தலைமை தாங்கிய பிரான்சுவா முசார் பெயரைப் பள்ளிப் பாடங்களில் உன் பிள்ளைகள் படித்திருப்பார்கள். மர்லாவின் வெயிலில் உட்கார்ந்து அந்தச் சுவர்களைப் பார்க்கும்போது, அவை ஒரு காலத்தில் மனிதர்களைக் காத்த சுவர்கள் என்பதையும், பசியாலும் குளிராலும் துப்பாக்கியாலும் பலர் அவற்றுக்குள்ளேயே மாண்டார்கள் என்பதையும் சித்தப்பா நினைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1848 டிசம்பர் 20 அன்று இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. சுமார் 62,000 பேர் விடுதலை பெற்றார்கள். 19 ஆம் நூற்றாண்டில் மஃபாத்தில் நிலையாகக் குடியேறியவர்களுள் விடுதலை பெற்ற குடும்பங்களும் உண்டு, கடற்கரையில் நிலம் இழந்த ஏழை வெள்ளையர்களும் உண்டு. சோளம், அவரை, மரவள்ளி, சில பன்றிகள், சில மாடுகள், இவற்றை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். சாகுபடிக்காகச் சரிவுகளில் காட்டை வெட்ட வெட்ட மண் மழையில் கரைந்து ஆற்றோடு போனது. அதன் தழும்புகளை நீங்கள் நடக்கும் பாதையின் இருபுறமும் காணலாம். பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் கந்தக நீரூற்று ஒன்றும், அதைச் சுற்றி நோயாளிகள் வந்து தங்கிய சிற்றூர் ஒன்றும் இருந்தன. 1913 ஆம் ஆண்டு நிகழ்ந்த மலைச்சரிவுக்குப் பிறகு அது கைவிடப்பட்டது.

நம்மவர்கள் வந்தார்களா என்று கேட்டாயே, அதற்கும் விடை அடிமை முறை ஒழிந்த அந்த 1848 ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. அடிமைகள் விடுதலையானதும் கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடினார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும், 1860 ஆம் ஆண்டு ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் ஆண்ட துறைமுகங்களிலிருந்தும், தமிழர்கள் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த ஆள் பிடிப்பு 1882 ஆம் ஆண்டு வரை நடந்தது. அவர்களைக் கட்டிவைத்தது கரும்பு. கரும்பு கடலோரச் சரிவில் விளையும் பயிர், ஆகவே நம் முன்னோர்களின் வீடுகளும் மாரியம்மன், பாஞ்சாலி கோயில்களும் சேன்-ஆந்திரே, சேன்-போல், சேன்-லூயி, சேன்-பியேர் என்று ஆலைகளை ஒட்டியே அமைந்தன. மலைக்குள் போன தமிழர்கள் மிகச் சிலரே. தோட்டத்திலிருந்து தப்பிய ஒப்பந்தக் கூலிக்கும் அபராதமும் சிறையும் காத்திருந்தன என்பதைச் சித்தப்பாவுக்குச் சொல். காரைக்காலிலிருந்து வருகிறவர் அதைத் தெரிந்துகொண்டு இந்த மண்ணில் நடப்பது நல்லது.

இன்று மஃபாத்தில் வாழ்கிறவர்கள் ஏறத்தாழ 700 முதல் 800 பேர். மர்லா நிர்வாகத்தில் எங்கள் சேன்-போல் நகராட்சியைச் சேர்ந்தது. லா நூவெல், ஓரேர், கிரான் பிளாஸ் முதலியவை லா பொசெசியோனைச் சேர்ந்தவை. நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை. பொது நிலத்தில் வன அலுவலகத்தின் அனுமதியோடு குத்தகைக்குக் குடியிருக்கிறார்கள். பணமுள்ளவர்கள் வந்து நிலம் வாங்கிக் கட்டிடம் எழுப்ப முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். மின்கம்பி உள்ளே போகவில்லை, கூரைமேல் உள்ள சூரியத் தகடுகள்தான் விளக்கையும் குளிர்பெட்டியையும் ஓட்டுகின்றன. மேகம் மூடிய நாட்களுக்குப் பிறகு, ஜீத்தில் கைப்பேசிக்கு மின்னேற்றம் கேட்டு வற்புறுத்தாதீர்கள். பிள்ளைகள் தொடக்கப்பள்ளியை முடித்ததும் பெற்றோரை விட்டுப் பிரிந்து கடற்கரை ஊர்களில் தங்கித்தான் மேற்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தலைமுறைக்கு மஃபாத் என்றால் நினைவுக்கு வருகிறவர் தபால்காரர் இவ்ரேன் போஸே. 1951 முதல் 1991 வரை, தோளில் பையோடு ஊர் ஊராக நடந்து கடிதங்களையும் ஓய்வூதியத்தையும் கொண்டு சேர்த்தவர். எழுத்தறியாதவர்களுக்குக் கடிதம் படித்துக் காட்டுவதும், பதில் எழுதித் தருவதும், அடுத்த ஊரின் நல்லது கெட்டதைச் சொல்வதும் அவர் பணியாகவே இருந்தன. நீங்கள் மர்லாவிலிருந்து லா நூவெலுக்கு இரண்டு மணி நேரம் நடக்கும்போது, சனிக்கிழமை விடுமுறைக்காக நடக்கிற நமக்கும் சுமையோடு பிழைப்புக்காக நடந்தவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம்.

மஃபாத் முழுவதும் 2007 ஆம் ஆண்டு உருவான தேசியப் பூங்காவுக்குள் அமைந்திருக்கிறது. 2010 ஆம் ஆண்டு இந்தத் தீவின் சிகரங்களும் பள்ளங்களும் மலைச்சுவர்களும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அதன் பிறகு நடப்போர் கூட்டம் பெருகியிருக்கிறது. ஜீத்துகளுக்கு வருவாய் வந்தது, வேலை கிடைத்தது, இளைஞர்கள் சிலர் ஊரிலேயே தங்கினார்கள். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் வீட்டு வாசலில் உலரும் துணியையும் அடுப்படியையும் கேட்காமல் படமெடுக்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். அது அவர்கள் குடியிருக்கும் ஊர். வணக்கம் சொல்லி, இரண்டு வார்த்தை தீவு மொழியான கிரேயோலில் பேசிவிட்டுப் பிறகு கேட்டால், காப்பி கொடுத்து உட்கார வைத்தே பேசுவார்கள்.

தம்போன் மாணவர் எழுதியது:

பெரியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். வானிலையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் உலர்ந்தவை என்பதால் நீங்கள் தேர்ந்த காலம் மிகச் சரியானது. மர்லாவில் இரவுக் குளிர் சில நாட்களில் 5 டிகிரிக்கும் கீழே இறங்கும், மேற்கே உயர்ந்த சுவர் இருப்பதால் வெயிலும் மாலைக்கு முன்பே மறைந்துவிடும். காரைக்காலிலிருந்து வருகிறவர்களுக்குக் கம்பளிச் சட்டை, காதை மூடும் குல்லாய், உறங்கும்போது போடக் காலுறை ஆகியவை கட்டாயம் வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தின நாள், தேசிய வன அலுவலகத்தின் இணையதளத்தில் பாதைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு நாட்களில் இல்லை, மூன்றே நாட்களில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்த தீவு இது. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது கொமர்சோன் எரிமலைவாயில் பதிவான அந்த அளவு உலகச் சாதனையாக இருக்கிறது. 2025 பிப்ரவரி 28 அன்று தாக்கிய கரான்ஸ் புயலும் மலைப்பாதைகள் பலவற்றைச் சிதைத்தது. ஒருமுறை சரிந்த பாதையைச் செப்பனிட மாதங்கள் ஆகின்றன. மூடப்பட்டது என்று பலகை இருந்தால், மற்றவர்கள் தாண்டிப் போகிறார்கள் என்பதற்காக நீங்களும் போகாதீர்கள்.

துருவா ரோஷில் குளிக்கும்போது, மேலே மலைப்பக்கம் கறுத்திருந்தால் உடனே கரையேறிவிடுங்கள். உங்கள் தலைக்குமேல் வெயிலடித்தாலும் மேலே பெய்த மழையால் ஆறு சட்டென்று உயரும். காலில் காயம் இருப்பவர் தேங்கிய நீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் இந்தத் தீவில் ஆண்டுதோறும் வருகிற நோய். உள்ளூர்க் குழாய்நீர் ஊற்றிலிருந்து நேராக வருவதால், சுத்திகரிப்பு மாத்திரை வைத்துக்கொள்வது நல்லது. அவசரமென்றால் 112 என்ற எண்ணை அழைக்கலாம், ஆனால் பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அதனால் எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வேறு யாராவது இந்த இழையைப் படித்துவிட்டு அக்டோபரில் போக நினைத்தால், தீவைக் குறுக்கே கடக்கும் கிரான் ரேட் மலையோட்டம் நடக்கும் வாரத்தைத் தவிர்க்கவும். ஓட்டக்காரர்கள் மஃபாத்தின் வழியாகவே வருகிறார்கள், படுக்கை எதுவும் கிடைக்காது.

சேன்-தெனி வாசகி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்று காலை மர்லாவில் ஒரு ஜீத்தில் இரண்டு இரவுக்கு ஐந்து படுக்கைகள் பதிவு செய்துவிட்டேன். சித்திக்குப் பயறும் கீரையும் சமைத்துத் தருவதாக அந்த வீட்டு அம்மாள் தாமாகவே சொன்னார். முதல் நாள் காலை 7 மணிக்கு நிறுத்துமிடத்தில் இருப்போம், இரண்டாம் நாள் துருவா ரோஷ், மூன்றாம் நாள் லா நூவெல் வழியாகத் திரும்புவோம். போஸே அவர்களைப் பற்றி இன்று இரவே சித்தப்பாவுக்குச் சொல்லப்போகிறேன். இனி ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். துருவா ரோஷ் போய் வரும் பாதையில் முழங்காலுக்குச் சிரமமான இறக்கம் இருக்கிறதா?

மேற்குக்கரை நடையர் எழுதியது:

இருக்கிறது அம்மா, ஆனால் தாயிபித் அளவுக்கு இல்லை. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம், இடையில் சரளைக்கல் உதிரும் சில திருப்பங்கள். சித்தப்பாவுக்கு இரண்டு நடைக்கம்புகள் வாங்கிக் கொடுங்கள், ஒன்று போதாது. இறங்கும்போது கம்புகளின் நீளத்தைச் சற்றே கூட்டிக்கொண்டு, கம்பை முதலில் ஊன்றி, அதன்பின் வலது காலை இறக்கட்டும். அன்று காலை பெரிய பைகளை ஜீத்திலேயே விட்டுவிட்டுத் தண்ணீரும் பகலுணவும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். குப்பையை அங்கே போடாமல் பையிலேயே வைத்துச் சேன்-தெனி வரை கொண்டுவந்துவிடுங்கள், அங்கே போடுகிற ஒவ்வொரு புட்டியும் ஹெலிகாப்டர் ஏறித்தான் வெளியே வர வேண்டும். காலை 8 மணிக்குக் கிளம்பினால் 9.30க்கு ஆற்றில் இருப்பீர்கள், மேகம் வருவதற்குள் போதுமான நேரம் கிடைக்கும்.